மறுப்பதற்கென ஒரு நாற்காலி: பிரிட்டன் கருவூலத்தின் தலைமைச் செயலர் பதவி

பிரிட்டனின் நிதித்துறையான கருவூலத்தில் நிதியமைச்சருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் கருவூலத் தலைமைச் செயலர் எனப்படுகிறார். பெயரில் செயலர் என்றிருப்பினும் அவர் அரசு அலுவலர் அல்லர், நாடாளுமன்றத்திலிருந்து வரும் அமைச்சரே. வரிவிதிப்பு, அரசின் கடன், பொருளாதாரத்தின் ஒட்டுமொத்தப் போக்கு ஆகியவற்றை நிதியமைச்சர் கவனிக்க, மருத்துவம் முதல் படைத்துறை வரை ஒவ்வொரு துறையும் கேட்கும் தொகையை எடைபோட்டு, எதைத் தருவது, எதை மறுப்பது என்று சக அமைச்சர்களிடம் பேசி முடிப்பது இவருடைய பணி. பல நூற்றாண்டு வயதுள்ள அந்த நிறுவனத்தில் இப்பதவி 1961இல்தான் தோன்றியது. அவ்வளவு காலம் தேவைப்படாத ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் அதன் வரலாற்றின் சாரம் இருக்கிறது.

அரசின் தலைமைப் பொருளாளர் என்னும் பழைய பதவி 1714க்குப் பிறகு தனியொருவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. ஒரு குழுவே அதை ஏற்று நடத்த, காலப்போக்கில் அக்குழுவின் முதல் உறுப்பினர் பிரதமராகவும் இரண்டாம் உறுப்பினர் நிதியமைச்சராகவும் அமைவது மரபாயிற்று. செலவினங்களை அன்றாடம் கண்காணிக்கும் வேலையை, அமைச்சரவைக்கு வெளியே நின்ற நிதிச் செயலர் என்னும் இளைய அமைச்சர் பார்த்துவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிதியமைச்சர் வில்லியம் கிளாட்ஸ்டன் இந்தக் கண்காணிப்புக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1861இலும், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமை அதிகாரியின் பதவிக்கு அடித்தளமிட்ட சட்டம் 1866இலும் அவர் காலத்தில் வந்தவை. ஆயினும் அந்த முறை, ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு செலவையும் தனித்தனியே எடுத்து, இது அவசியந்தானா என்று கேட்பதாகவே இருந்தது. அரசு சிறியதாக இருந்தவரை அதுவே போதுமானதாகவும் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை அடியோடு மாறியது. 1948இல் தொடங்கிய தேசிய நலவாழ்வுச் சேவை, விரிந்த ஓய்வூதியம், அரசு கட்டித்தரும் வீடுகள், அணு ஆயுதத் திட்டம் என ஒவ்வொன்றும் பல ஆண்டுகளுக்குச் செலவைப் பிணைத்துவைக்கும் பொறுப்பாக இருந்ததால், அந்தந்த ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பொருளற்றதாயிற்று. 1958 ஜனவரியில் நிதியமைச்சர் பீட்டர் தோர்னிகிராஃப்ட், ஏறத்தாழ 5 கோடி பவுண்ட் செலவைக் குறைக்கும்படி வற்புறுத்தி, அமைச்சரவை இணங்காததால் தம் இரு இளைய அமைச்சர்களான ஈனாக் பவல், நைஜல் பெர்ச் ஆகியோருடன் பதவி விலகினார். தொகை சிறிதுதான்; ஆனால் நிதியமைச்சர் ஒருவர் அமைச்சரவைக்குள் பக்கத்தில் நிற்பவரில்லாமல் சக அமைச்சர்கள் அனைவரையும் எதிர்கொள்ள நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்நிகழ்ச்சி ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு எட்வின் பிளௌடன் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1961 ஜூலையில் தன் அறிக்கையை வெளியிட்டது. கோரிக்கைகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தீர்க்காமல், அரசின் மொத்தச் செலவையும் பல ஆண்டுகளுக்கு முன்னோக்கி, நாட்டின் வருங்கால வளத்தோடு ஒப்பிட்டு, ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து. ஒரு பள்ளிக்கூடமும் ஒரு போர்க்கப்பலும் ஒரே தராசில் வைக்கப்பட வேண்டுமானால் அந்தத் தராசை ஆண்டு முழுவதும் கையில் பிடித்திருக்க ஓர் ஆள் வேண்டும். பொருளாதார நெருக்கடிகளில் மூழ்கியிருக்கும் நிதியமைச்சரால் அது இயலாது. எனவே அதே ஆண்டு அக்டோபரில் ஹெரால்டு மேக்மிலன் அரசு தலைமைச் செயலர் பதவியை உருவாக்கி, வீட்டுவசதித் துறையை நடத்திய அனுபவமுடைய ஹென்றி புரூக்கை அமைச்சரவைத் தகுதியோடு அதில் அமர்த்தியது.

அந்தத் தகுதி நிலையாக இருக்கவில்லை. தொழிற்கட்சி அரசில் 1964இல் பொறுப்பேற்ற ஜாக் டயமண்ட் நான்கு ஆண்டுகள் கழித்தே அமைச்சரவையில் சேர்க்கப்பட்டார். 1970இல் வந்த மாரிஸ் மேக்மிலன் மீண்டும் வெளியே நிறுத்தப்பட்டார். இதை வெறும் மரியாதைப் பிரச்சினையாகக் கருதுவது தவறு. அமைச்சரவையின் முழு உறுப்பினரான ஒருவரிடம், உங்கள் திட்டத்துக்குப் பணம் இல்லை என்று சொல்பவர் அதே மேசையில் அமராதவராக இருந்தால், மறுக்கப்பட்டவர் அவரைத் தாண்டி மேலே முறையிடுவது எளிதாகிவிடுகிறது.

பதவிக்கு உண்மையான சோதனை, ஜோயல் பார்னெட் அதை வகித்த 1974 முதல் 1979 வரையான ஆண்டுகளில் வந்தது. பிளௌடன் அறிக்கையிலிருந்து வளர்ந்த திட்டமிடல் முறை செலவைப் பணத்தில் அல்லாமல், நிலையான விலையில், அதாவது விலையேற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல், எத்தனை மருத்துவமனை, எத்தனை ஆசிரியர் என்ற அளவில் வகுத்தது. விலை எவ்வளவு உயர்ந்தாலும் திட்டமிட்ட அளவை நிறைவேற்றுவதற்கான பணம் தானாகவே கிடைத்துவிடும். விலைவாசி மெதுவாக ஏறிய காலத்தில் தாங்கக்கூடியதாக இருந்த இக்குறை, பணவீக்கம் 24 விழுக்காட்டைத் தாண்டிய 1975இல் பேரிடராக மாறியது. செலவு பழைய திட்டங்களைவிடப் பல நூறு கோடி பவுண்ட் மிகுந்துவிட்டதையும் அதற்குப் போதிய விளக்கம் இல்லாததையும் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் வின் காட்லி நாடாளுமன்றக் குழுவிடம் எடுத்துக்காட்டினார். இதற்கு விடையாக 1976இல் பண உச்சவரம்பு வந்தது: பெரும்பாலான துறைகளுக்கு இவ்வளவு பவுண்ட் என்று எல்லை வகுக்கப்பட்டு, விலை உயர்ந்தாலும் அதற்குள் சமாளிப்பது அந்தந்தத் துறையின் பொறுப்பாக்கப்பட்டது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் பவுண்டின் மதிப்பு சரிய, நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி பன்னாட்டு நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்க நேர்ந்தது. அதற்கு விலையாகச் செலவுக் குறைப்பு கோரப்பட, எந்தத் துறையில் எவ்வளவு என்ற கடும் பேரம் பார்னெட்டின் தோளில் விழுந்தது. கூலித் தொழிலாளரின் வாக்குகளால் ஆட்சிக்கு வந்த கட்சியின் அமைச்சர் ஒருவர், தம் கட்சியின் கனவுகளையே வெட்டிச் சுருக்க வேண்டியிருந்த அந்த மாதங்களின் வேதனையை எளிதாகக் கடந்துவிட முடியாது. இவ்வளவையும் அமைச்சரவைக்கு வெளியிலிருந்தே செய்த அவருக்கு, 1977 பிப்ரவரியில்தான் உள்ளே இடம் கிடைத்தது.

மார்கரெட் தாட்சரின் ஆட்சியில் திட்டமிடலே முழுவதும் பணத்தின் அளவில் நடக்கலாயிற்று. இலையுதிர் காலந்தோறும் தலைமைச் செயலர் ஒவ்வொரு அமைச்சரையும் தனித்தனியே சந்தித்துப் பேசுவார். உடன்பாடு காணாத வழக்குகள் வில்லியம் ஒயிட்லா போன்ற மூத்த அமைச்சரின் தலைமையிலான சிறு குழுவுக்குச் செல்லும். 1641இல் ஒழிக்கப்பட்ட கொடிய மன்னர் நீதிமன்றமான நட்சத்திர மன்றத்தின் பெயராலேயே அக்குழு அழைக்கப்பட்டது என்பது, அதன்முன் நிற்க அமைச்சர்கள் எவ்வளவு அஞ்சினர் என்பதற்குச் சான்று. தலைமைச் செயலராக இருந்த ஜான் மேஜர் 1987ஆம் ஆண்டுப் பேச்சுகளை அக்குழுவைக் கூட்டாமலேயே முடித்தார்; ஒவ்வொரு துறையின் கணக்கையும் அத்துறை அமைச்சருக்கு நிகராக அறிந்துவைத்திருந்த அவருக்கு அந்த வெற்றி, பின்னாளில் பிரதமர் நாற்காலிவரை சென்ற பாதையின் தொடக்கமாயிற்று. தலைமைச் செயலர் பதவியில் இருந்த லிஸ் டிரஸ், ரிஷி சுனக் ஆகியோரும் பிரதமராயினர். 2002இல் இதை ஏற்ற பால் போட்டெங், பிரிட்டன் அமைச்சரவையின் முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

1998இல் மூன்றாண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்கீடு செய்யும் முழுமைச் செலவு மீளாய்வு வந்தபோது ஆண்டுதோறும் நடந்த பேரம் தணிந்தது. எனினும் பெரிய முடிவுகள் நிதியமைச்சர் கார்டன் பிரௌனின் கைக்குள் சென்றதால் இரண்டாமவரின் நிழல் குறுகியது. 2010இல் அமைந்த கூட்டணி ஆட்சியில் தலைமைச் செயலர் டேனி அலெக்சாண்டர், பிரதமர், துணைப் பிரதமர், நிதியமைச்சர் ஆகியோருடன் முடிவெடுக்கும் நால்வருள் ஒருவராக உயர்ந்தார். பதவியின் வலிமை எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதன்று. பிரதமரும் நிதியமைச்சரும் எவ்வளவு துணைநிற்கிறார்களோ அவ்வளவே அதன் உயரம்.

இவ்வளவு பேர் வகித்த இப்பதவியிலிருந்து பிறந்தவற்றுள் நீண்ட ஆயுள் பெற்றது பார்னெட் சூத்திரம். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் எவ்வளவு தருவது என்று ஆண்டுதோறும் சச்சரவிடுவதைத் தவிர்க்க, 1978இல் பார்னெட் மக்கள்தொகை விகிதத்தை ஒட்டி எளிய கணக்கொன்றை வகுத்தார்: இங்கிலாந்தின் ஒரு சேவைக்கு 85 பவுண்ட் கூடுதலாக ஒதுக்கினால், அதற்கு இணையாக ஸ்காட்லாந்துக்கு 10, வேல்ஸுக்கு 5. ஏற்கெனவே இருந்த ஒதுக்கீட்டை அது தொடவில்லை. கூடுதலை மட்டுமே பங்கிட்டது. ஓரிரு ஆண்டுகளுக்கான ஏற்பாடாகக் கருதியிருந்த பார்னெட், தேவையின் அடிப்படையில் பங்கிடும் முறை அதன் இடத்தில் வர வேண்டும் என்று முதுமையில் பலமுறை வாதிட்டார். மேலவையின் சிறப்புக் குழுவும் 2009இல் அதையே பரிந்துரைத்தது. அக்கோரிக்கை நியாயமானது, ஏனெனில் ஏழ்மையும் முதுமையும் மக்கள்தொகைக்கு நேர்விகிதத்தில் பரவியிருப்பதில்லை. ஆனால் 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் விடுதலை வாக்கெடுப்புக்குச் சில நாள்கள் முன்னதாக, பிரிட்டனின் மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் சூத்திரம் தொடரும் என்று எழுத்தில் உறுதியளித்தனர். அவ்வாண்டு நவம்பரில் பார்னெட் காலமானார். விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்பட்டாலும், சட்டத்தில் இடம்பெறாத அவரது சூத்திரமே இன்றும் அந்நிலப்பகுதிகளுக்கான ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கிறது.