திருவரங்கத்தில் முடிந்த கனவு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் வாத்தியாருக்குத் துய்ப்ளெக்ஸ் என்றால் உயிர். ஆனால் திருச்சிராப்பள்ளித் தோல்வியை மட்டும் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வரியைத் தேடித்தான் போன மாதம் பேரனுடன் திருச்சிக்குப் போனேன்.

முழங்கால் வலியோடு மலைக்கோட்டை ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. 1751இல் கோட்டைக்குள் முகமது அலி. வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும். முற்றுகையைத் தளர்த்த கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். 1752 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைக் கடந்து திருவரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். கோயில் மதில்கள் காக்கும் என்று நம்பினார் போலும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்துக்கு அக்கரையில் சமயபுரத்தில் கிளைவ் உட்கார்ந்துகொண்டார். புதுச்சேரியிலிருந்து வந்த உதவிப் படையும் வழியிலேயே சரணடைந்தது. அப்புறம் மதில் எத்தனை இருந்தென்ன?

ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதியின் வாக்கை நம்பிப் போன சந்தா சாகிபின் தலையை வெட்டினார்கள். வெள்ளைக்காரத் தளபதி உயிரோடு கைதி. நம்பி வந்தவருக்குக் கத்தி. 1754இல் துய்ப்ளெக்ஸையும் பிரான்சுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

"நாம எந்தப் பக்கம் தாத்தா?" என்றான் பேரன்.

பள்ளியில் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை. கீழே இறங்கி, சந்தா சாகிப் அடங்கியிருக்கும் நத்தர்வலி தர்காவுக்கு ஆட்டோ பிடித்தோம்.