வைட்டமின்னு சொல்லிக் கொடுத்த நீல மாத்திரை

நான் போற ஜிம்மில் ஒரு தம்பி இருக்கான். ஆறே மாசத்துல ஆளே மாறிட்டான், கை ரெண்டும் உலக்கை மாதிரி. என்னடா ரகசியம்னு கேட்டா "புரோட்டீன்தாண்ணே"ன்னு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எனக்கு சரியாப் படலை. அன்னிக்கு ராத்திரி ஸ்டீராய்டு பத்தித் தேட உட்கார்ந்தவன், விடியற்காலை மூணு மணிக்குப் போய் நின்ன இடம் கிழக்கு ஜெர்மனி. (மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிஞ்சது தனிக்கதை.)

முன்கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைப் பிரிச்செடுத்ததும், ஆய்வுக்கூடத்துல செயற்கையா உருவாக்கினதும் 1935ல். 1950களின் கடைசியில் ஜான் ஸீக்லர் என்ற அமெரிக்க மருத்துவர், சீபா கம்பெனியின் டயனபால் மாத்திரையை எடைதூக்கும் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வீரர்கள் அவர் சொன்ன அளவை விட்டுட்டு கைநிறைய விழுங்க ஆரம்பிச்சதும் மனுஷர் வெறுத்துப் போனார். ஆனா அதெல்லாம் தனியாட்கள் செஞ்ச வேலை. ஒரு அரசாங்கமே திட்டம் போட்டு, பட்ஜெட் ஒதுக்கிச் செஞ்சா எப்படி இருக்கும்?

யெனா நகரத்துல யெனாஃபார்ம்னு ஒரு அரசு மருந்துக் கம்பெனி. 1960களில் அவங்க கொண்டுவந்த மாத்திரை ஓரல் டூரினபால். நீல நிறம். 1974ல் கிழக்கு ஜெர்மனி அரசு இதை ரகசியத் திட்டமாகவே ஆக்கிடுச்சு. அதுக்கு நம்பர்கூட உண்டு: 14.25. மேலே விளையாட்டுத்துறைத் தலைவர் மான்ஃபிரெட் ஏவால்ட், மருத்துவப் பக்கம் மான்ஃபிரெட் ஹோப்னர். மொத்தம் சுமார் 10,000 வீரர்களுக்கு ஊக்கமருந்து போயிருக்கும்னு ஒரு மதிப்பீடு. இதுல பலர் பதின்வயதுப் பெண்கள். வீட்டுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. கோச் கொடுப்பார், வைட்டமின்னு சொல்வார், முழுங்கணும். அவ்வளவுதான்.

பலன் கண்கூடாத் தெரிஞ்சுது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ் நீச்சலில் கிழக்கு ஜெர்மனிப் பெண்களுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. 1976 மாண்ட்ரியலில் 13 போட்டியில் 11 தங்கம்! அமெரிக்காவின் ஷெர்லி பாபஷாஃப் இவங்களைப் பார்த்து சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னார். தோத்த வயித்தெரிச்சல்னு பத்திரிகைகள் கிண்டல் பண்ணிச்சு. அவருக்கு அந்த ஒலிம்பிக்ஸில் கிடைச்சது ஒரு தங்கம், நாலு வெள்ளி. அந்த முடிவுகள் இன்னைக்கு வரைக்கும் மாற்றப்படலை.

டெஸ்ட் எடுக்கலையான்னு கேப்பீங்க. அங்கதான் நம்ம தொழில் புத்தி விழிச்சுக்குது. 1975ல் அனபாலிக் ஸ்டீராய்டுகளுக்குத் தடை வந்தது, மாண்ட்ரியலில் முதல்முறையா சோதனையும் வந்தது. உடனே இவங்க போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால மாத்திரையை நிறுத்திட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு மாறினாங்க. அது உடம்பிலேயே சுரக்கிறது, எது உள்ளூர் சரக்கு எது வெளிச்சரக்குன்னு எப்படிப் பிரிப்பாங்க? பிறகு டெஸ்டோஸ்டிரோனையும் எபிடெஸ்டோஸ்டிரோனையும் ஒப்பிட்டு, விகிதம் 6:1ஐத் தாண்டினா குற்றம்னு விதி வந்தது. இவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? எபிடெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்தே ஏத்திவிட்டு விகிதத்தைச் சரிபண்ணிட்டாங்க. பக்-ஐ விட்டுட்டு டெஸ்ட் கேஸை மட்டும் பாஸ் பண்ண வைக்கிற வேலை. இதுபோக, கிரைஷாவில் இருந்த சொந்த ஆய்வகத்தில் எல்லாரையும் முன்னாடியே சோதிச்சு, மாட்டக்கூடிய ஆளுக்குத் திடீர்னு 'காயம்' வரவச்சு வீட்டோட நிறுத்திடுவாங்க.

சரி, உடம்புக்குள்ள என்ன நடக்குது? சாதாரணமா வாயால சாப்பிடற டெஸ்டோஸ்டிரோனைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைச்சுடும். உடைக்க முடியாதபடி மூலக்கூறுல ஒரு மீதைல் குழுவை ஒட்டவச்சதுதான் இந்த மாத்திரை. அதனால சுமை கல்லீரல் மேலேயே விழுது. கட்டி வரைக்கும் போகலாம். நல்ல கொலஸ்டிரால் சரியுது, கெட்டது ஏறுது, இதயச் சுவர் தடிக்குது. இன்னொரு கூத்து, மூளைக்கும் விரைக்கும் நடுவுல இருக்கிற ஃபீட்பேக் லூப். வெளியிலிருந்து ஹார்மோன் கொட்டினா, "ஏற்கனவே நிறைய இருக்கே"ன்னு மூளை உள்ளூர் உற்பத்தியை நிறுத்திடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தினாலும் உற்பத்தி திரும்ப மாசக்கணக்கில் ஆகலாம். (ஜிம் தம்பிகள் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கவும்.)

பெண்களுக்கு இன்னும் மோசம். மாதவிலக்கு நிக்கும், முகத்துல முடி வளரும், குரல் கட்டையாகும். மருந்தை நிறுத்தினாலும் குரல் பெரும்பாலும் திரும்பி வராது.

ஹெய்டி க்ரீகர் என்ற குண்டு எறியும் வீராங்கனைக்கு 16 வயசுல மாத்திரை ஆரம்பிச்சது. 1986ல் ஷ்டுட்கார்ட் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 21.10 மீட்டர் எறிஞ்சு தங்கம். அந்த ஒரு வருஷம் அவருக்குப் போன ஸ்டீராய்டு சுமார் 2,600 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சராசரியா தினம் 7 மில்லிகிராம். ஒரு பெண்ணோட உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கிற டெஸ்டோஸ்டிரோன் கால் மில்லிகிராம் அளவுதான். மருந்து வேற, நேரடி ஒப்பீடு தப்புதான், ஆனா அளவு புரியும். 1997ல் அவர் அறுவை சிகிச்சை செய்து ஆண்ட்ரியாஸ் ஆனார். இந்த இடத்தைப் பல பேர் அவசரமா 'மருந்து ஆணாக்கிடுச்சு'ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. அவர் சொல்றது அது இல்லை. தன் பால் குறித்த குழப்பம் முன்பே இருந்தது, ஆனா தான் யார்னு தானே கண்டுபிடிக்கிற உரிமையைப் பறிச்சுட்டாங்க என்பதுதான் அவரோட கோபம்.

இதெல்லாம் எப்படி வெளியே வந்தது என்பதுதான் என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணின விஷயம். பிரிகிட்டே பெரெண்டோங்க், கிழக்கிலிருந்து தப்பி வந்த முன்னாள் வட்டு எறியும் வீராங்கனை. அவர் கணவர் வெர்னர் ஃபிராங்கே, ஹைடல்பெர்க் உயிரணு விஞ்ஞானி. சுவர் விழுந்த பிறகு பாட் ஸாரோ ராணுவ மருத்துவக் கழகத்தில் இவங்க கைக்குச் சிக்கினது ரகசிய முனைவர் பட்ட ஆய்வேடுகள். யாருக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை சென்டிமீட்டர் கூடுச்சு, என்ன பக்கவிளைவு, எல்லாம் அட்டவணையா. 1991ல் பெரெண்டோங்க் அதைப் புத்தகமாவே போட்டுட்டார். எனக்கு வில்லன்கள் எழுதினதா அது தோணலை. நல்லாப் படிக்கிற, சொன்ன வேலையை ஒழுங்கா முடிக்கிற, ரிப்போர்ட் நேர்த்தியா எழுதற ஆட்கள் எழுதினது. நம்மள மாதிரி ஆட்கள். அதான் பயமா இருந்தது.

2000ல் பெர்லினில் தீர்ப்பு வந்தது. ஏவால்டுக்கு 22 மாதம், ஹோப்னருக்கு 18 மாதம். ரெண்டுமே நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அதாவது ஒரு நாள்கூட உள்ளே இருக்கலை. பாதிக்கப்பட்டவங்களுக்கு 2002ல் வந்த சட்டத்தின்படி தலைக்குப் பத்தாயிரம் யூரோ சொச்சம். அந்த வழக்கு சமயத்துலதான் ஆண்ட்ரியாஸ், இதே மருந்தால் பாதிக்கப்பட்ட நீச்சல் வீராங்கனை ஊட்டே க்ராவுஸேயைச் சந்திச்சார். பிறகு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஊக்கமருந்தை எதிர்த்துப் போராடறவங்களுக்கு ஹெய்டி க்ரீகர் பெயரில் ஒரு பதக்கம் தந்தாங்க. 1986ல் வாங்கின அந்தத் தங்கத்தை ஆண்ட்ரியாஸ் அதுக்குக் கொடுத்துட்டார்.

கொசுறு: 1985 அக்டோபரில் கான்பெராவில் கிழக்கு ஜெர்மனியின் மரீட்டா கோக் 400 மீட்டரை 47.60 நொடியில் ஓடினார். அவர் எந்தச் சோதனையிலும் சிக்கினதில்லை. 2025ல் டோக்கியோவில் சிட்னி மெக்லாஃப்ளின் உயிரைக் கொடுத்து ஓடியும் 47.78 தான் வந்தது.