வலைக்கு வராத கொசு: பகாங் மலைநாட்டில் மருந்து தோய்த்த கொசுவலையின் பயன் குறித்து

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் பூச்சிக்கொல்லி எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேச, கொசுவுக்கு முன் முட்டைகோஸைப் பார்க்க வேண்டும். அதன் இலையைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, அங்கே அடித்த மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கப் பழகியது. 1970களில் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. பைரித்ராய்டு மருந்து பூச்சியின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த வாயிலின் புரதத்தில் 1014ஆம் இடத்து லூசின் ஃபினைல் அலனினாக மாறினால் மருந்தின் பிடி தளரும். அந்துப்பூச்சியிலும் ஆப்பிரிக்க அனோஃபிலஸ் கொசுக்களிலும் கண்டறியப்பட்டது இதே மாற்றம். காய்கறிக்கு அடிப்பதும் கொசுவலையில் தோய்ப்பதும் ஒரே குடும்பத்து மருந்துகள்.

ஆகவே வலை பயனற்றுப் போகுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதை அளக்கும் முறை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சோதனையில் கொசுக்களை மருந்து பூசிய தாளோடு குழாயில் ஒரு மணி நேரம் அடைத்து, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுவார்கள். 98 விழுக்காடும் அதற்கு மேலும் இறந்தால் மருந்து கேட்கிறது. 90க்குக் குறைந்தால் எதிர்ப்பாற்றல் உறுதி. குழாய்க்குள் கொசு தாளிடமிருந்து தப்ப முடியாது. வீட்டிலோ அது வலையருகே வந்தால்தான் மருந்துக்கு வேலை. கிழியாத வலை எதிர்ப்பாற்றல் பெற்ற கொசுவையும் தடுக்கும். ஓட்டை விழுந்து மருந்தும் கேட்காமல் போனால் இரண்டு காவலும் ஒருசேரப் போய்விடும். மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அடக்கும் பிபிஓ சேர்த்த வலைகளும், 2023இல் அந்நிறுவனம் பரிந்துரைத்த குளோர்ஃபெனாபிர் வலைகளும் மருந்தின் குறையைத் தீர்க்கலாம். கொசு வராத குறையைத் தீர்க்கா.

பகாங்கில் முக்கியம் இந்த இரண்டாவது குறைதான். மலாயாவின் மலைச்சாரல்களில் ரப்பருக்காகக் காட்டை வெட்டியபோது வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் அனோஃபிலஸ் மாகுலாட்டஸ் பெருகியது; தோட்ட லயங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மலேரியாக் காய்ச்சலில் மடிந்தார்கள். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், எந்தக் கொசு எந்த நீரில் வளர்கிறது என்று பார்த்து வடிகால் அமைக்கச் செய்தார். 1929இல் போ நிறுவனம் கேமரன் மலையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய உயரத்தில் குளிரே ஓரளவு காவல்: வெப்பம் குறையக் குறையக் கொசுவின் உடலுக்குள் மலேரியா ஒட்டுண்ணி முதிர்வது தாமதமாகும். கீழே லிப்பிஸ் பக்கம் அந்தக் காவல் இல்லை. அங்கே போஸ் பெத்தாவ் பூர்வகுடி ஊர்களில் பெர்மெத்ரின் வலைகளை மாகுலாட்டஸுக்கு எதிராகச் சோதித்த ஆய்வு 1995இல் வெளியானது.

அதன் பிறகு எதிரி மாறிவிட்டது. 2018 முதல் மலேசியாவில் மனிதருக்கே உரிய மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. ஆனால் குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது. பெரும்பகுதி சபா, சரவாக்கில். இயற்கையாக மனிதருக்கு அது தொற்றியதாக 1965இல் அறியப்பட்ட முதல் நிகழ்வு பகாங் காட்டில்தான். கோலா லிப்பிஸில் இந்திரா வைத்திலிங்கம் குழுவினர் இதைப் பரப்பும் கொசுவாக அனோஃபிலஸ் கிராசன்ஸைக் கண்டார்கள். அது கடிப்பது பெரும்பாலும் வெளியில், இரவின் முற்பகுதியில். அப்போது யாரும் வலைக்குள் படுத்திருப்பதில்லை. அந்தக் கொசு குழாயில் நூற்றுக்கு நூறு செத்தாலும், காட்டோரம் வேலை முடித்துத் திரும்புகிறவருக்கு வலையால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது முழுக்கைச் சட்டையும் உடலில் பூசும் கொசுவிரட்டியும், காட்டில் தங்கினால் வலை கட்டிய தொங்கு படுக்கையும்.

இதைச் சொல்வதால் எதிர்ப்பாற்றல் ஆய்வைக் குறைத்து மதிக்கவில்லை. அது நடக்கவேண்டிய இடத்தைச் சுட்டுகிறேன். தெலோம் ஆறு கேமரன் மலையிலிருந்து லிப்பிஸுக்கு இறங்குகிறது. காய்கறித் தோட்டங்களுக்கு மேலும் கீழும் ஓடைகளில் மாகுலாட்டஸ் புழுக்களைச் சேகரித்து வளர்த்து, 1014ஆம் இடத்தையும் நொதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கூடவே, அந்த ஊர்களில் கொசு எந்த மணிக்கு, திண்ணையிலா வீட்டுக்குள்ளா கடிக்கிறது என்ற கணக்கும் அதே ஆய்வில் இடம்பெற வேண்டும்.