ஒரு குட்டித் தூக்கமும் ஒரு மந்திரி பதவியும்



அமெரிக்காவில் புது ஜனாதிபதி பதவிக்கு வந்ததும் டிவியில் ஒரு காட்சி காட்டுவார்கள். மந்திரியாகப் போகிறவர் ஒரு மேஜைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். எதிரே வரிசையாகச் செனட்டர்கள். பழைய பேச்சு, பழைய கணக்கு வழக்கு, எல்லாவற்றையும் தோண்டித் துருவிக் கேட்பார்கள். நம் நாட்டில் பிரதமர் சொல்லும் பெயரை ஜனாதிபதி நியமிப்பார், அதோடு காரியம் முடிந்தது. அங்கே மட்டும் ஏன் இந்தப் பாடு என்று பலருக்கும் தோன்றும்.

காரணம் அவர்கள் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. மந்திரிகள், தூதர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் போன்றவர்களை ஜனாதிபதி பெயர் குறிக்கலாம். ஆனால் செனட் சபையின் சம்மதம் கிடைத்தால்தான் நியமனம் செல்லும். இப்படிச் சம்மதம் வேண்டிய பதவிகள் இன்று ஆயிரத்துக்கும் மேல். மன்னர் ஒருவரே தன் வேண்டியவர்களுக்கெல்லாம் பதவி வாரிக் கொடுத்ததைப் பார்த்து நொந்தவர்கள் எழுதிய சாசனம் அது. தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு கையில், தடுக்கும் உரிமை இன்னொரு கையில் என்று பிரித்து வைத்தார்கள்.

செனட்டும் அந்த உரிமையைச் சும்மா விடவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியான 1789-ஆம் ஆண்டிலேயே, சவானா துறைமுக அதிகாரி பதவிக்கு அவர் குறித்த பெஞ்சமின் ஃபிஷ்பர்ன் என்பவரை நிராகரித்துவிட்டார்கள். ஜார்ஜியா மாநிலச் செனட்டருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். தேசத்தின் தந்தை என்று எல்லோரும் கொண்டாடிய மனிதருக்கே இந்தக் கதி!

இந்த நீண்ட சரித்திரத்தில் 1925-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் வேடிக்கையானது. வேடிக்கைக்குப் பின்னால் ஒரு பாடமும் இருக்கிறது.

அப்போது ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ். துணை ஜனாதிபதி சார்லஸ் டாவ்ஸ். அமெரிக்காவில் துணை ஜனாதிபதிதான் செனட் சபையின் தலைவர். சாதாரணமாக அவருக்கு ஓட்டு கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக ஓட்டு விழுந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போடலாம்.

டாவ்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. வக்கீல், பாங்க் அதிபர், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் கடன் சிக்கலைத் தீர்க்கத் திட்டம் வகுத்தவர். அதற்காக 1925-ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசில் பங்கு பெற்றவர். நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். மார்ச் 4-ஆம் தேதி பதவியேற்ற அன்றே, செனட்டின் விதிமுறைகள் உதவாதவை, பேசிப் பேசியே காரியத்தைக் கெடுக்கிறீர்கள் என்று செனட்டர்களை வைத்து வாங்கிவிட்டார். புதுமாப்பிள்ளை முதல் நாளே மாமனார் வீட்டுச் சமையலைக் குறை சொன்ன கதைதான். அவர்களும் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 10-ஆம் தேதி, அட்டர்னி ஜெனரல் பதவிக்குக் கூலிட்ஜ் குறித்த சார்லஸ் வாரன் என்பவரின் நியமனம் விவாதத்தில் இருந்தது. இன்னும் பலர் பேச வேண்டியிருந்தது. இன்று ஓட்டெடுப்பு இருக்காது என்று கட்சித் தலைவர்கள் டாவ்ஸிடம் சொன்னார்கள். அவரும் நம்பி, ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருந்த வில்லார்ட் ஹோட்டலில் தம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். பகல் தூக்கத்தின் அருமை நமக்குத் தெரியாதா!

அவர் போன பிறகு, பேச வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட, ஓட்டெடுப்பு வந்துவிட்டது. வாரனுக்கு ஆதரவாக 40, எதிராக 40. தலைவர் நாற்காலியில் டாவ்ஸ் இருந்திருந்தால் ஒரு ஓட்டில் காரியம் முடிந்திருக்கும். ஹோட்டலுக்குத் தகவல் பறந்தது. அவர் அவசரமாக உடுத்திக்கொண்டு டாக்சியில் ஓடி வந்தார். அதற்குள் வாரனை ஆதரித்திருந்த ஒரே டெமாக்ரட் கட்சிக்காரரான லீ ஓவர்மேன் தம் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டார். 41-க்கு 39. வாரன் தோற்றார். டாவ்ஸ் வந்து சேர்ந்தபோது உடைக்க வேண்டிய சமநிலையே இல்லை.

பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா? இத்தனைக்கும் டாவ்ஸின் முன்னோர் ஒருவரான வில்லியம் டாவ்ஸ், 1775-இல் பிரிட்டிஷ் படை வருகிறது என்று இரவோடு இரவாகக் குதிரையில் பாய்ந்து போய் எச்சரித்தவர். நேரத்துக்குப் போன தாத்தாவுக்கு நேரத்துக்கு வராத பேரன் என்று ஆயிற்று.

இதுவரை பலர் சொல்லும் கதை. இத்தோடு நிறுத்தினால், ஒரு மனிதர் தூங்கியதால் ஒரு மந்திரி போனார் என்றுதான் நினைப்போம். ஆனால் கூலிட்ஜ் விடவில்லை. அதே வாரனின் பெயரைத் திரும்ப அனுப்பினார். செனட் சம்மதிக்காவிட்டால், சபை கலைந்திருக்கும் நாட்களில் தற்காலிகமாக நியமிப்பேன் என்றும் தெரியப்படுத்தினார். இந்த முறை டாவ்ஸ் விழித்திருந்தும் பயனில்லை. 46-க்கு 39. முன்னைவிடப் பெரிய தோல்வி. அதுவும் ஜனாதிபதியின் சொந்தக் கட்சிக்கே செனட்டில் பெரும்பான்மை இருந்தபோது!

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? சர்க்கரை. வாரன் பல ஆண்டுகள் மிச்சிகன் சர்க்கரைக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். அந்தக் கம்பெனிக்கு, 'சர்க்கரை டிரஸ்ட்' என்று பெயரெடுத்த ஏகபோகக் கூட்டத்தோடு தொடர்பு இருந்தது. ஏகபோகக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டு அடக்க வேண்டியது அட்டர்னி ஜெனரலின் வேலை. கட்டுப்படுத்தப்பட வேண்டிய இடத்திலிருந்து வந்தவரையே கட்டுப்படுத்தும் நாற்காலியில் வைக்கலாமா என்று செனட்டர்கள் கேட்டார்கள்.

நேரமும் அப்படி. முந்தைய ஜனாதிபதி ஹார்டிங் காலத்தில், கடற்படையின் எண்ணெய் வயல்களை லஞ்சம் வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விட்ட 'டீபாட் டோம்' ஊழல் நாட்டையே உலுக்கியிருந்தது. அன்றைய அட்டர்னி ஜெனரல் ஹாரி டாகர்ட்டி மீதும் ஊழல் புகார் எழுந்து, 1924-இல் கூலிட்ஜே அவரை விலகச் சொல்ல வேண்டியதாயிற்று. சூடு கண்ட பூனைகளாக இருந்தார்கள் செனட்டர்கள். ஜனாதிபதியின் மிரட்டல் அவர்கள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. கடைசியில் வெர்மான்ட் மாநிலத்து ஜான் சார்ஜென்டைக் குறித்தார் கூலிட்ஜ், செனட்டும் சம்மதித்தது.

ஆக, தூக்கம் வெறும் சாக்கு. மறு ஓட்டெடுப்பு அதைத்தான் காட்டியது.

இப்படி மந்திரி நியமனம் ஓட்டில் தோற்பது மிக அபூர்வம். இதுவரை ஒன்பது பேர்தான். வாரனுக்குப் பிறகு இரண்டே பேர்: 1959-இல் லூயிஸ் ஸ்ட்ராஸ் (49-46), 1989-இல் ஜான் டவர் (53-47). தோற்பது உறுதி என்று தெரிந்தால் ஓட்டெடுப்புக்கு முன்பே பலர் விலகிக்கொள்கிறார்கள்.

நிராகரிப்பு எப்போதும் நியாயத்துக்காக நடப்பதும் இல்லை. 1832-இல் மார்ட்டின் வான் பியூரனை இங்கிலாந்துத் தூதராக்கும் விஷயத்தில் ஓட்டு சமமாக விழ, துணை ஜனாதிபதி கால்ஹூன் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தம் அரசியல் போட்டியாளரைக் கவிழ்த்தார். கவிழ்ந்தவரோ அடுத்த தேர்தலில் துணை ஜனாதிபதி, அதற்கடுத்த தேர்தலில் ஜனாதிபதி! பழி வாங்கப் போய்ப் பதவி வாங்கிக் கொடுத்த கதை.

சம ஓட்டை உடைப்பதில் கால்ஹூன் வைத்திருந்த சாதனை 31. ஏறக்குறைய இருநூறு ஆண்டு நின்ற அந்தச் சாதனையை முறியடித்தவர் யார் தெரியுமா? மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ். 2023 டிசம்பரில் ஒரு பெண் நீதிபதியின் நியமனத்துக்காகப் போட்ட ஓட்டுதான் அவருடைய 32-ஆவது. மொத்தம் 33 முறை அந்த நாற்காலியிலிருந்து ஓட்டுப் போட்டார். அவற்றில் பல, நியமனங்களுக்காகவே.

பாவம் டாவ்ஸ். அவர் அமைத்த மெட்டு ஒன்றுக்கு, அவர் மறைந்த 1951-இல் பாடல் வரிகள் எழுதப்பட்டன. 1958-இல் டாமி எட்வர்ட்ஸ் குரலில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நோபல் பரிசும் பாட்டும் இருந்தும், சரித்திரப் பிரியர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த மத்தியானத் தூக்கத்தைத்தான்.

இனி டிவியில் செனட்டர்கள் யாரையாவது குடைந்து குடைந்து கேட்பதைப் பார்த்தால், தூக்கத்தைவிட அந்தச் சர்க்கரைக் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். பதவிக்கு வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்பதற்குத்தான் அந்த மேஜை போடப்பட்டிருக்கிறது.