ஜாஸ் இசையும் அதன் அரங்குகளும்

ஜாஸ் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பின மக்களிடையே உருப்பெறத் தொடங்கிய இசை. புளூஸ் பாடல்களின் குழைவு, ராக்டைம் பியானோவின் தாள வெட்டு, தேவாலயத் துதிப்பாடல், பேண்டு வாத்தியம் ஆகிய எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே மனோதர்மமாக விரித்து வாசிப்பது இதன் உயிர்நாடி. அந்த நேரத்தில், அந்த இடத்தில் பிறக்கும் இசை என்பதால், வாசித்த இடங்களின் வரலாற்றை விட்டுவிட்டு ஜாஸின் வரலாற்றைச் சொல்ல முடியாது. ஆடும் கூடமா, உட்கார்ந்து கேட்கும் நிலவறையா, யாருக்கு உள்ளே இடம், எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது என்பவையெல்லாம் வாசிப்பின் போக்கைத் தீர்மானித்தன.

சதுக்கமும் தெருவும்

அடிமை முறை நிலவிய காலத்திலேயே, நியூ ஆர்லியன்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பின மக்கள் திறந்தவெளியில் கூடிப் பறைகள் கொட்டி ஆடிவந்தனர். நகர நிர்வாகம் 1817இல் இந்தக் கூட்டங்களை ஞாயிறன்று ஒரே இடத்தில் மட்டும் நடத்த வேண்டுமென விதித்தது. அந்த இடமே காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்றது. ஆப்பிரிக்கத் தாள மரபு அமெரிக்க மண்ணில் அறுபடாமல் நீடிக்க உதவிய இடங்களுள் இது முதன்மையானது.

உள்நாட்டுப் போருக்குப் பின் பேண்டு வாத்தியக் குழுக்கள் பெருகின. சவ அடக்கத்துக்குப் போகும்போது மெதுவான துதிப்பாடல், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான மெட்டு என்பது அவற்றின் வழக்கம். 1890களில் நிறவெறிச் சட்டங்கள் இறுகியபோது, முறையாக இசை பயின்ற, கலப்பு வம்சாவளியினரான கிரியோல் கலைஞர்கள், கேள்வி ஞானத்தில் வாசித்த மற்ற கறுப்பினக் கலைஞர்களோடு சேர்ந்து பிழைக்க நேர்ந்தது. ஏட்டறிவும் காதறிவும் ஒன்றையொன்று பட்டை தீட்டின.

இந்தக் காலத்தின் பெருங்கலைஞர் கார்னெட் வாசித்த பட்டி போல்டன் (1877–1931). அவரது வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் எஞ்சவில்லை. 1907இல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட அவர் மீண்டு வரவேயில்லை. 1897ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தால் பாலியல் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட ஸ்டோரிவில் பகுதியின் விடுதிகளும் நடனக்கூடங்களும் ஜெல்லி ரோல் மார்ட்டன் போன்ற பியானோ கலைஞர்களுக்குச் சோறு போட்டன. முதல் உலகப் போரின்போது கடற்படையின் வற்புறுத்தலால் 1917 நவம்பரில் ஸ்டோரிவில் மூடப்பட்டது.

அதே ஆண்டு பிப்ரவரியில் முதல் ஜாஸ் இசைத்தட்டு நியூயார்க்கில் பதிவானது. அதை வாசித்தது ‘ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்’ என்ற வெள்ளையர் குழு. கறுப்பின மக்கள் வளர்த்த இசையின் முதல் வணிக ஆதாயம் பிறர் கைக்குப் போனது.

சிகாகோ: தனி வாசிப்பின் எழுச்சி

பிழைப்பும் கௌரவமும் தேடித் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் குடிபெயர்ந்தனர். இசையும் அவர்களோடு ரயிலேறியது. சிகாகோவின் தென்பகுதியில் லிங்கன் கார்டன்ஸ் நடனக்கூடத்தில் வாசித்துவந்த கிங் ஆலிவர், 1922இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கைத் தம் குழுவுக்கு வரவழைத்தார்.

நியூ ஆர்லியன்ஸ் பாணியில் கார்னெட் மெட்டைச் சொல்ல, கிளாரினெட் அதன்மேல் கொடிபோலப் படர, டிராம்போன் அடியில் தாங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பதே வழக்கம். 1925 முதல் 1928 வரை ‘ஹாட் ஃபைவ்’, ‘ஹாட் செவன்’ குழுக்களோடு ஆம்ஸ்ட்ராங் செய்த ஒலிப்பதிவுகள் இந்த ஒழுங்கை மாற்றின. குழு பின்னணியில் நிற்க, ஒருவர் முன்வந்து தம் கற்பனையை விரிப்பது ஜாஸின் மைய வழக்கமாயிற்று.

நடனக்கூடங்களின் காலம்

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. கள்ளத்தனமாக மது விற்ற விடுதிகளுக்குக் கூட்டம் சேர்க்க இசை தேவைப்பட்டது; இசைக்கலைஞருக்கு வேலை கிடைத்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பை நடத்தியவர் ஓனி மேடன் என்ற கள்ளச்சாராயக் கும்பல் தலைவர். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர் மட்டும் என்பதே அங்கு விதி. 1927 டிசம்பரில் அங்கு பொறுப்பேற்ற டியூக் எலிங்டன், ஆட்டக் காட்சிகளுக்காக அடிக்கடி புதிய உருப்படிகள் எழுத வேண்டியிருந்தது. டிரம்பெட்டின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து உறுமலாக ஒலிக்கவைக்கும் உத்தி அவரது குழுவின் அடையாளமானது. அங்கிருந்து நடந்த வானொலி ஒலிபரப்புகள் அவர் பெயரை நாடெங்கும் கொண்டுசேர்த்தன.

காட்டன் கிளப் இருந்த அதே லெனாக்ஸ் அவென்யூவில் 1926இல் திறந்த சவாய் பால்ரூம் இதற்கு நேர்மாறு. நிறம் பாராமல் எல்லோரையும் உள்ளே விட்டது. இரு குறுக்குத் தெருக்களுக்கு இடையே நீண்ட அந்தக் கூடத்தில் இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு முடிக்கும்போதே அடுத்த குழு தொடங்கிவிடும். ஆடுபவர்களின் கால் நிற்காது. இதுவே குழுக்களிடையே போட்டியாகவும் மாறியது. 1937இல் சிக் வெப்பின் குழு, புகழின் உச்சியிலிருந்த பென்னி குட்மனின் குழுவோடு அங்கு மோதி வென்றதாகப் பேசப்படுகிறது. லிண்டி ஹாப் நடனம் வளர்ந்ததும் இந்தத் தரையில்தான்.

பெரிய கூடத்துக்குப் பெரிய ஓசை தேவை. பத்துப் பேருக்கு மேற்பட்ட ‘பிக் பேண்ட்’ குழுக்களும், ஆடத் தூண்டும் சுவிங் தாளமும் இப்படித்தான் நிலைபெற்றன. கேன்சஸ் சிட்டியில் அரசியல் செல்வாக்கின் நிழலில் விடிய விடிய இயங்கிய விடுதிகள் கவுண்ட் பேசியின் குழுவைத் தந்தன. 1938 ஜனவரி 16 அன்று பென்னி குட்மனின் குழு, செவ்வியல் இசைக்குப் பேர்போன கார்னெகி ஹாலில் கச்சேரி செய்தது. கறுப்பர், வெள்ளையர் இருவரும் அந்த மேடையில் சேர்ந்து வாசித்தனர். அதே ஆண்டு நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் திறந்த ‘கஃபே சொசைட்டி’, மேடையிலும் பார்வையாளர் வரிசையிலும் நிறப் பாகுபாட்டை ஒழித்தது. இனவெறிக் கொலைகளைக் கண்டிக்கும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை 1939இல் பில்லி ஹாலிடே அங்குதான் பாடினார்.

நிலவறைகளும் பீபாப்பும்

ஹார்லெமின் 118ஆம் தெருவில் ஹென்றி மின்டன் 1938இல் தொடங்கிய ‘மின்டன்ஸ் பிளேஹவுஸ்’ ஒரு சிறு விடுதி. சம்பளமின்றிக் கூடி வாசிப்பவர்களுக்கு இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்த காலம் அது. மின்டன் சங்கத்தின் பிரதிநிதியாக இருந்தவர் என்பதால் அங்கு அந்தப் பயமில்லை. திங்கட்கிழமை இரவுகளில் கலைஞர்களுக்குச் சாப்பாடு இலவசம். தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் ஆகியோர் அங்கு கூடினர். அசுர வேகம், எதிர்பாராத சுரக்கோவைகள், கோணல்மாணலான மெட்டுகள் என்று பீபாப் பாணி பிறந்தது. அரைகுறையாகக் கற்றவர் மேடையேறினால் சில நிமிடங்களில் இறங்க வேண்டியதுதான்.

பொருளாதாரமும் இதற்குத் துணைநின்றது. 1944இல் நடனமோ பாட்டோ நடக்கும் விடுதிகள் மீது அமெரிக்க அரசு 30 விழுக்காடு வரி விதித்தது. விரைவில் அது 20 ஆனது. வெறும் வாத்திய இசைக்கு இந்த வரி இல்லை. பெரிய கூடங்கள் தள்ளாட, நான்கைந்து பேர் வாசிக்கும் சிறு விடுதிகள் தாக்குப்பிடித்தன. ஆடவந்தவர் குறைந்து கேட்கவந்தவர் பெருகியதற்கு, கலை நோக்கம் மட்டுமல்ல, இந்த வரியும் ஒரு காரணம். நியூயார்க்கின் 52ஆம் தெருவின் அடித்தள விடுதிகளும், பார்க்கரின் ‘பேர்ட்’ என்ற பட்டப்பெயரைத் தாங்கி 1949இல் திறந்த ‘பேர்ட்லேண்ட்’ அரங்கும் இந்தக் காலத்தின் அடையாளங்கள்.

நியூயார்க்கில் மது விற்கும் விடுதியில் வாசிக்கக் காவல்துறையின் அனுமதி அட்டை கட்டாயமாக இருந்தது. போதைப்பொருள் வழக்கில் சிக்கியவர் அதை இழப்பார். பில்லி ஹாலிடே 1947இல் இழந்தார். 1951இல் இழந்த மங்கால், 1957இல்தான் ‘ஃபைவ் ஸ்பாட்’ விடுதியில் ஜான் கோல்ட்ரேனோடு நெடுநாள் வாசிக்க முடிந்தது. இந்த அட்டை முறை 1967இல் ஒழிந்தது.

வில்லேஜ் வேன்கார்ட்

நியூயார்க்கில் மேக்ஸ் கார்டன் 1935இல் தொடங்கிய வில்லேஜ் வேன்கார்ட் விடுதி, முதலில் கவிதை வாசிப்புக்கும் நகைச்சுவைக்கும் இடம் தந்தது. 1957 முதல் முழுக்க ஜாஸ் அரங்கானது. செவன்த் அவென்யூவில் செங்குத்தான படி இறங்கினால் ஆப்புபோலக் குறுகிச் செல்லும் நிலவறை, கூர்முனையில் மேடை. கொள்ளளவு 123 பேர். முன்வரிசையில் அமர்பவர் கையை நீட்டினால் பியானோவைத் தொடலாம். சோனி ரோலின்ஸ் 1957இலும் கோல்ட்ரேன் 1961இலும் இங்கு செய்த நேரடி ஒலிப்பதிவுகள் புகழ்பெற்றவை. 1961 ஜூன் 25 ஞாயிறன்று பில் எவன்ஸ் மூவர் குழு வாசித்த ஒலிப்பதிவில் கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் மேசைப் பேச்சும் இசையோடு சேர்ந்தே கேட்கின்றன. அன்று பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, அடுத்த சில நாட்களில் கார் விபத்தில் இறந்தார்.

உலக அரங்கு

பாரிசில் 1934இல் ஜாங்கோ ரைன்ஹார்ட், ஸ்டெஃபான் கிராப்பெல்லி குழு கிதாரையும் வயலினையும் ஜாஸின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. இலண்டனில் ‘ரோனி ஸ்காட்ஸ்’ அரங்கு 1959இல் தொடங்கியது. பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் 1935இல் லியோன் ஆபியின் கறுப்பினக் குழு வாசித்தது. அங்கு ஜாஸ் பழகிய கோவா கலைஞர்கள் பலர் பின்னர் இந்தித் திரையிசைக் குழுக்களில் இடம்பெற்றனர். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய டேவ் புரூபெக் 1958இலும், எலிங்டன் 1963இலும் சென்னை வந்தனர். 1970களில் ஜான் மெக்லாக்லினின் ‘சக்தி’ குழுவில் எல்.சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாஸ் கிதாரோடு உரையாடின. அமெரிக்காவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விஜய் ஐயர், இன்றைய முன்னணி ஜாஸ் பியானோ கலைஞர்களுள் ஒருவர்.

இன்றைய நிலை

1954இல் தொடங்கிய நியூபோர்ட் விழா, ஜாஸைத் திறந்தவெளித் திருவிழாவாக்கியது. 1960களில் ராக் இசை இளைஞர்களை ஈர்த்துக்கொள்ள, பல விடுதிகள் மூடின; பேர்ட்லேண்ட் 1965இல் மூடியது. பழைய நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களுக்காக 1961இல் ‘பிரிசர்வேஷன் ஹால்’ தோன்றியது. விண்டன் மார்சலிஸ் தலைமையிலான லிங்கன் சென்டர் ஜாஸ் நிறுவனம் 2004இல் தனக்கென அரங்கத் தொகுதியைத் திறந்தது. ஏப்ரல் 30ஐ யுனெஸ்கோ சர்வதேச ஜாஸ் தினமாக அறிவித்துள்ளது.

ஒருகாலத்தில் விடுதிகளில் மட்டுமே கற்க முடிந்த இந்தக் கலை இன்று பல்கலைக்கழகப் பாடம். ஆனாலும் பட்டம் பெற்று வரும் இளைஞர், நியூயார்க்கின் ‘ஸ்மால்ஸ்’ போன்ற சிறு விடுதிகளில் நள்ளிரவுக்குப் பின் நடக்கும் கூட்டு வாசிப்பில் ஒரு முறையாவது ஏறித் தம்மை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் அடுத்து என்ன வாசிக்கப் போகிறார் என்பதைக் காதால் முன்கூட்டியே பிடிக்கும் பயிற்சிக்கு வகுப்பறை போதாது என்பதைக் கலைஞர்களே ஒப்புக்கொள்கின்றனர்.