யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் தமிழ்

லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி முதலிய யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் தமிழை உள்ளிடவும் சேமிக்கவும் திரையில் காட்டவும் வேண்டிய கட்டற்ற மென்பொருள்கள் பல கட்டங்களாக வந்து சேர்ந்தன. ஒரு தளத்துக்கென எழுதியதை இன்னொன்றில் ஓடும்படி மாற்றியமைக்கும் வேலையைத் தொழிலில் இருப்போர் ‘போர்ட் செய்வது’ (பெயர்த்தல்) என்பர். தமிழைப் பொறுத்தவரை 1999 முதல் 2010 வரையிலான காலமே முக்கியமானது. அக்காலத்தின் பெரிய முடிவு ஒன்று கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி எடுக்கப்பட்டது.

பெயர்க்கும் கலை யூனிக்ஸுடன் வளர்ந்தது. 1973இல் யூனிக்ஸ் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதை இன்டர்டேட்டா 7/32 கணினிக்குக் கொண்டுபோனார். 1988இல் போசிக்ஸ் தரமும், 1991இல் தளத்துக்குத் தளம் உள்ள வேறுபாடுகளைத் தானே சோதித்தறியும் ஆட்டோகான்ஃப் கருவியும் வந்தன. 1994இல் தொடங்கிய ஃபிரீபிஎஸ்டி போர்ட்ஸ் தொகுப்பில் ஒரு மென்பொருளுக்கு உரியது பெரும்பாலும் ஒரு மேக்ஃபைலும் சில ஒட்டுத் திருத்தங்களும்தான். மூல நிரல் அதன் சொந்த இடத்திலிருந்தே இறக்கப்படும்.

தமிழுக்கு முதல் தடை விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அதன் சிறப்பு, விசைகள் இருக்கும் இடத்தில் மட்டும் இல்லை; முந்தைய எழுத்தை நினைவில் வைத்துக்கொள்வதிலும் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ‘கோயம்புத்தூர்’ என்று தட்டும்போது ம், த் இரண்டுக்கும் புள்ளி தானே வந்துவிடும். கடைசி ‘ர்’ ஒன்றுக்குத்தான் புள்ளி விசை வேண்டும். ‘க’வை அடுத்துத் தட்டும் ‘ஓ’ கொம்பும் காலுமாகச் சேர்ந்துகொள்ளும்.

யூனிக்ஸ் தளங்களின் எக்ஸ் சாளர முறையில் விசைப்பலகையைக் கவனிக்கும் எக்ஸ்கேபி இதைச் செய்யாது. எந்த விசைக்கு எந்தக் குறி என்பதே அதன் கணக்கு. அதற்கு முன் என்ன தட்டினோம் என்று அது பார்ப்பதில்லை. எனவே அதில் சேர்க்கப்பட்ட தமிழ்நெட்99 அமைப்பில் எழுத்துகள் வந்தன, விதிகள் வரவில்லை. விண்டோஸில் பலரைத் தமிழ் எழுத வைத்த இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்னும் விண்டோஸ் பொறியின்மேல் அமைந்தவை. அவற்றை அப்படியே தூக்கி லினக்ஸில் வைக்க வழியில்லை.

தீர்வு ஜப்பானிலிருந்து வந்தது. அங்குள்ள அரசு ஆய்வு நிறுவனமான ஏஐஎஸ்டியில் உருவான எம்17என் நூலகம், மொழிகளின் உள்ளீட்டு விதிகளை நிரலுக்கு வெளியே, எளிய உரைக் கோப்புகளாக வைத்தது. தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. அதைப் படிக்கும் பொறியை முதலில் ஸ்கிம், பின்னர் ஐபஸ் எடுத்துக்கொண்டன. பொறியை ஒரு தளத்துக்குப் பெயர்த்துவிட்டால் தமிழ்99 கூடவே வந்துவிடும். தமிழுக்கென்று அங்கே ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். தமிழ்க் கணிமையில் இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பு அரிது.

அடுத்த தடை குறியாக்கம். டிஸ்கி, டாப், டாம் என்று 8 பிட் முறைகள் பல இருந்தன. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள் பரவலாகப் புழங்கின. இந்த மாறுபாடுகளின் தடம் கட்டற்ற மென்பொருளில் இன்றும் கிடக்கிறது. குனு சி நூலகத்துக்கு 2002இல் புரூனோ ஹைபிள் எழுதிய டிஸ்கி மாற்றி இருக்கிறது. எக்ஸ்கேபியில் தமிழ்நெட்99 அமைப்புக்கு டாப், டிஸ்கி வடிவங்கள் தனித்தனியே உண்டு. எழுத்துருவின் பெயரை நம்பி வாழ்ந்த ஓர் ஆவணம் அந்த எழுத்துரு இல்லாத தளத்தில் குப்பையாகிவிடும். நிரலைவிட ஆவணங்களைப் பெயர்ப்பதே கடினமாக இருந்தது.

இதற்கிடையே அரசுத் தரப்பிலும் லினக்ஸ் நுழைந்தது. சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்த்து நிறுவப்பட்டது.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. உத்தமம் அமைப்பின் ஒன்பதாம் தமிழ் இணைய மாநாடும் உடன் நடந்தது. தொடக்க நாளன்று தேதியிட்ட அரசாணை யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. யூனிகோடு இயலாத இடங்களில் டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தைப் பயன்படுத்தச் சொன்னது.

அவ்விரண்டின் போக்கு பிற்பாடு வேறுபட்டது. யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன்பின் ஒகரக் குறி என்று சேமிக்கப்படும். கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது வரைபொறியின் பொறுப்பு. முன்பு பேங்கோ, க்யூட்டி, ஓப்பன் ஆபீஸ் ஒவ்வொன்றும் இதைத் தன் வழியில் செய்தன. ஒன்றில் சரியாகத் தெரிந்தது மற்றொன்றில் சிதைந்தது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் திருத்தி எழுதிய ஹார்ஃப்பஸ் நூலகத்தை பலரும் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே செய்யும் ஒரு திருத்தம் அதைப் பயன்படுத்தும் எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேர்கிறது. டேஸ்16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியில் உள்ள எண்களுக்கு உலகம் பொதுவாக ஏற்ற பொருள் ஏதும் இல்லாததால், அதற்கான எழுத்துரு, விசைப்பலகை, தேடல், அகரவரிசை ஆகியவற்றை ஒவ்வொரு தளத்திலும் தமிழர்களே தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.