புற்றுநோயைத் தடுக்கும் 'பி53' புரதம் ஆய்வகத்தில் தயாரிக்கப்படுவது ஏன்? - ஒரு விளக்கம்

மனிதர்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் 'டிபி53' என்ற மரபணு பழுதடைந்து காணப்படுகிறது. அந்த மரபணுவில் இருந்து உருவாகும் புரதமே பி53. டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு செயல்படும் இப்புரதத்தை, ஆராய்ச்சிக்காக பாக்டீரியாக்களின் உதவியுடன் ஆய்வகங்கள் தயாரிக்கின்றன. 'மறுசேர்க்கைப் புரதம்' எனப்படும் இதன் தயாரிப்பு, பயன்பாடு குறித்த விவரம் வருமாறு:

பி53 செய்யும் பணி என்ன?

17-ஆவது குரோமோசோமில் உள்ள டிபி53 மரபணு, 393 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தை உருவாக்குகிறது. செல்லின் டிஎன்ஏ சேதமடையும்போது, நான்கு பி53 மூலக்கூறுகள் ஒன்றிணைந்து டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, அங்குள்ள மரபணுக்களைச் செயல்பட வைக்கின்றன. இதனால் செல் பிரிதல் நிறுத்தப்பட்டு, பழுது சரிசெய்யப்படுகிறது. சேதம் மிகுதியாக இருந்தால் அந்த செல் தானாகவே அழிகிறது.

இப்புரதம் 1979-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் இது புற்றுநோயைத் தூண்டுவதாகவே கருதப்பட்டது. சோதனைகளில் பயன்படுத்தப்பட்டவை பழுதடைந்த மரபணுக்கள் என்பதே அதற்குக் காரணம். இது புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்பது 1989-ஆம் ஆண்டில் உறுதியானது.

தயாரிக்கும் முறை

மனித மரபணுவின் நகல், பிளாஸ்மிட் எனப்படும் வட்ட வடிவ டிஎன்ஏவில் இணைக்கப்பட்டு, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தப்படுகிறது. பாக்டீரியா பெருகும்போது மனிதப் புரதத்தையும் உற்பத்தி செய்கிறது. புரதத்தின் ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் சேர்க்கப்படுவது வழக்கம். அவை நிக்கலுடன் ஒட்டிக்கொள்வதால், நிக்கல் கொண்ட குழாய் வழியே கரைசலைச் செலுத்தி இப்புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க முடிகிறது.

பி53 எளிதில் நிலைகுலையும் புரதமாகும். அதன் மையப் பகுதியை ஒரு துத்தநாக அயனி தாங்கிப் பிடிக்கிறது. அது வெளியேறினால் வடிவம் குலைந்து, பற்றும் திறனும் குறைந்துவிடும். எனவே இப்புரதம் கடும் குளிர்நிலையில், பொதுவாக மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் பாதுகாக்கப்படுகிறது. திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பது தவிர்க்கப்படுகிறது.

ஆய்வில் தெரிய வருவது என்ன?

டிஎன்ஏ துண்டு ஒன்றை மின்புலத்தில் கூழ்மத்தின் வழியே செலுத்தினால் அது விரைவாக நகரும். புரதம் பற்றிக்கொண்டால் அதன் வேகம் குறையும். இந்த எளிய சோதனையின் மூலம், இயல்பான பி53 மற்றும் பழுதடைந்த பி53 ஆகியவற்றின் பற்றும் திறனை ஒப்பிடலாம்.

டிஎன்ஏவைப் பற்றியிருக்கும் நிலையில் பி53 மையப் பகுதியின் முப்பரிமாண அமைப்பு 1994-இல் வெளியானது. புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் மாற்றங்கள் இரு வகைப்பட்டவை என்பதை அது காட்டியது. 273-ஆவது இடத்தில் ஏற்படும் மாற்றம், டிஎன்ஏவை நேரடியாகத் தொடும் பகுதியைப் பாதிக்கிறது. 175-ஆவது இடத்தில் ஏற்படும் மாற்றமோ புரதத்தின் வடிவத்தையே குலைக்கிறது. 393 அமினோ அமிலங்களில் ஒன்று மாறினாலும் பாதுகாப்பு தகர்ந்துவிடலாம் என்பதையே இது உணர்த்துகிறது.

நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் வளரும் பூஞ்சை உருவாக்கும் அஃப்ளடாக்சின் நச்சுக்கும், கல்லீரல் புற்றுநோயில் 249-ஆவது இடத்தில் காணப்படும் மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பது 1991-ஆம் ஆண்டு ஆய்வுகளில் தெரிய வந்தது.

இதை மருந்தாகப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஆய்வகத் தயாரிப்புகள் 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற குறிப்புடனேயே விற்கப்படுகின்றன. இவை மனிதர்களுக்குச் செலுத்துவதற்கான தரத்தில் தயாரிக்கப்படுபவை அல்ல. மேலும், பெரிய மூலக்கூறான இப்புரதம், ஊசி மூலம் செலுத்தப்பட்டாலும் புற்றுநோய் செல்லின் உட்கருவைத் தானாகச் சென்றடையாது.

அதனால் சிகிச்சைக்கான முயற்சிகள் வேறு வழிகளில் நடைபெறுகின்றன. வைரஸ் மூலம் டிபி53 மரபணுவைச் செலுத்தும் சிகிச்சைக்கு சீனா 2003-இல் அனுமதி அளித்தது. 220-ஆவது இடத்தில் ஏற்படும் மாற்றத்தால் புரதத்தில் உருவாகும் பிளவில் பொருந்தி, அதன் வடிவத்தை மீட்கும் சிறிய மூலக்கூறுகளும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அத்தகைய மூலக்கூறுகள் பி53 புரதத்துடன் பொருந்துகின்றனவா என்பதை முதலில் கண்டறிய உதவுவது ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் இப்புரதமே.